கோச் கண்ணில் பட எத்தனை மைல் போக வேண்டும்? சாஃப்ட்பால் பெற்றோரின் அனுபவங்கள்

டல்லாஸ் பக்கத்திலிருந்து ஓர் அப்பா:

எல்லோருக்கும் வணக்கம். மகள் 9ஆம் வகுப்பு, சாஃப்ட்பாலில் கேட்சர், அதாவது மட்டை பிடிப்பவருக்குப் பின்னால் குந்தியிருந்து பந்தைப் பிடிப்பவள். ஆறு வருடமாக ஆடுகிறாள், அதில் நான்கு வருடம் டிராவல் பால், அதாவது ஊர் ஊராகப் போய் ஆடும் தனியார் அணி. கல்லூரி அணிக்கு ஆளெடுக்கும் கோச்சுகள் கண்ணில் படத்தான் இத்தனை பயணமும். கடந்த ஜூலையில் நடந்ததைச் சொல்லிவிட்டு, உங்கள் வீட்டில் இதை எப்படிச் சமாளித்தீர்கள் என்று கேட்கலாம் என்றிருக்கிறேன்.

ஜூலை 4 விடுமுறையை ஒட்டி கொலராடோவில் நடக்கும் பெரிய போட்டிகளுக்கு எங்கள் அணி போனது. டென்வரைச் சுற்றி எங்கே பார்த்தாலும் மைதானம், எங்கே பார்த்தாலும் பெண் பிள்ளைகள். நாங்கள் நான்கு பேரும் விமானத்தில் போனோம். டிக்கெட், ஐந்து இரவு ஹோட்டல், வாடகைக் கார், சாப்பாடு, வாசலில் தினமும் கட்டிய நுழைவுக் கட்டணம் எல்லாம் சேர்த்து 4,300 டாலர். அணிக்கு வருடா வருடம் கட்டும் 3,200 டாலர் இதில் சேராது. அணியில் இரண்டு கேட்சர்கள். அதனால் ஆறு ஆட்டத்தில் மூன்றில்தான் இவளுக்கு இடம்.

அந்த மூன்றில் இரண்டு ஆட்டத்துக்கு ஒரு கல்லூரி கோச்கூட வரவில்லை. மூன்றாவது ஆட்டத்தில் வலைக்குப் பின்னால் பதினொரு பேர், பெரிய கல்லூரிகளின் சட்டை போட்டுக்கொண்டு, மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு உள்ளங்கை வியர்த்துவிட்டது. நான்காவது இன்னிங்ஸில் எதிரணி பிட்சரை, அதாவது பந்து வீசுபவளை, மாற்றினார்கள். இரண்டே நிமிடத்தில் ஒன்பது நாற்காலிகள் மடங்கின. அவர்கள் வெளியே போன அந்தப் பிட்சரைப் பார்க்க வந்தவர்கள். அடுத்த இன்னிங்ஸில் இரண்டாவது பேஸுக்குத் திருட்டுத்தனமாக ஓடிய பெண்ணை என் மகள் ஒரே எறியில் அவுட்டாக்கினாள். நான்கு வருடத்தில் அவள் எறிந்த மிகச் சிறந்த எறி அதுதான். அப்போது இருந்த இரண்டு கோச்சுகளில் ஒருவர் போன் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று ராத்திரி ஹோட்டலில் அவள் கேட்டது: "அப்பா, அவங்க என்னைப் பார்க்க வரலையா?"

இந்த வருட அட்டவணை கையில் இருக்கிறது. அரிசோனா, மறுபடியும் கொலராடோ, கலிபோர்னியா, அக்டோபரில் ஃபுளோரிடா. மதுரையில் அம்மாவுக்கு 78 வயது. இரண்டு கோடை விடுமுறையாக ஊருக்குப் போகவில்லை. இந்தக் கோடையும் போக முடியாது போலிருக்கிறது. வரமாட்டோம் என்று சொன்னால் அணியில் இடம் போய்விடுமோ என்று பயம். போனால் யாராவது பார்ப்பார்களா என்பதும் தெரியவில்லை. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.


நார்த் கரோலைனா, கேரியிலிருந்து ஓர் அம்மா:

தம்பி, அந்த நாற்காலி மடங்கும் சத்தம் எங்களுக்கும் தெரியும். என் மகள் இப்போது ஒரு டிவிஷன் 3 கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள், இரண்டாவது பேஸ் ஆடுகிறாள். (கல்லூரி விளையாட்டில் டிவிஷன் 1, 2, 3 என்று மூன்று மட்டம், 1தான் மேல்மட்டம்.) நாங்கள் 10ஆம் வகுப்பு முடியும் வரை அணி எங்கே கூப்பிட்டாலும் போனோம். ஒரே வருடத்தில் பத்து வார இறுதிகள் வெளி மாநிலத்தில். தமிழ்ப் பள்ளியில் அவள் பெயரையே எடுத்துவிட்டார்கள்.

அந்தப் பத்துப் பயணத்தில் எத்தனை கோச் அவளைப் பார்த்தார்கள் என்று எங்களால் சொல்லவே முடியாது. காரணம் எளிது. யாரிடமும் நாங்கள் வருகிறோம் என்று சொல்லவில்லை. மைதானத்தில் ஆடினால் தானாகக் கண்ணில் படுவோம் என்று நம்பிக்கொண்டிருந்தோம். ஒரே வளாகத்தில் பத்து மைதானம், ஒவ்வொன்றிலும் ஒன்றேகால் மணி நேரத்துக்கு ஒரு ஆட்டம். கோச்சுகள் வரும்போதே கையில் பட்டியலோடு வருகிறார்கள். இந்த மணிக்கு இந்த மைதானம், இந்த எண் சட்டை. பட்டியலில் இல்லாத பிள்ளை அவர்கள் முன்னால் ஹோம் ரன் அடித்தால்தான் உண்டு.

இதை எங்களுக்குச் சொன்னவரும் ஒரு கோச்தான். வர்ஜீனியாவில் ஒரு ஷோகேஸ், அதாவது கோச்சுகள் வந்து பார்ப்பதற்கென்றே நடத்தும் போட்டி. இடி மின்னலால் ஆட்டம் நின்றது. எல்லோரும் கழிப்பறைக் கட்டடத்தின் கூரைக்குக் கீழே ஒதுங்கியிருந்தோம். பக்கத்தில் ஒரு சின்னக் கல்லூரியின் துணைக் கோச் நின்றிருந்தார், இருபத்தைந்து வயதிருக்கும். என்னிடமிருந்த எலுமிச்சை சாதத்தைக் கொடுத்தேன், சாப்பிட்டார். அவருடைய பட்டியலை நானே பார்த்தேன். அந்த நாளுக்கு இருபத்து மூன்று பெயர். அத்தனையும் அந்த வாரம் மின்னஞ்சல் அனுப்பிய பிள்ளைகள். "எழுதாத பிள்ளையை நான் எப்படித் தேடுவேன்?" என்று கேட்டார். குறையாகச் சொல்லவில்லை, உண்மையாகவே கேட்டார்.

அன்றிலிருந்து மாற்றினோம். முதலில் சாஃப்ட்பாலை ஒதுக்கிவைத்துவிட்டு, என்ன படிக்க விருப்பம், எவ்வளவு தூரம் போகத் தயார், எங்களால் எவ்வளவு கட்ட முடியும் என்று உட்கார்ந்து பேசினோம். அதிலிருந்து முப்பது கல்லூரிப் பெயர் வந்தது. ஒவ்வொரு கல்லூரியின் இணையதளத்திலும் அணியின் பட்டியல் இருக்கும். இவள் கல்லூரிக்குப் போகும் வருடத்தில் எந்த இரண்டாவது பேஸ் பெண் பட்டம் வாங்கிக் கிளம்புகிறாள் என்று பார்த்தோம். இடமே இல்லாத கல்லூரிகளை நீக்கியபோது பதினெட்டு மிஞ்சியது.

மின்னஞ்சலை மகளேதான் எழுத வேண்டும். அப்பா அம்மா எழுதினால் அவர்களுக்கு உடனே தெரிந்துவிடும். தலைப்பு வரியில் பள்ளி முடிக்கும் வருடம், ஆடும் இடம், மதிப்பெண் சராசரி. உள்ளே நான்கைந்து வரி, அந்தக் கல்லூரி ஏன் என்று உண்மையான ஒரு காரணம், மூன்று நிமிடத்துக்குள் ஒரு வீடியோ. போட்டி வாரம் என்றால் செவ்வாய் அல்லது புதன்கிழமை மைதான எண், நேரம், சட்டை எண்ணோடு இன்னொரு சின்ன மின்னஞ்சல். வீடியோவுக்குப் பாட்டு போட்டுக் காசு கொடுத்து எடிட் செய்ய வேண்டாம். நாங்கள் போனில் எடுத்ததுதான், தரையில் உருண்டு வரும் பந்து பதினைந்து, மட்டை பத்து, ஓட்டம் ஒன்று.

இன்னொன்று, கல்லூரி வளாகத்திலேயே நடத்தும் ஒருநாள் கேம்ப். எங்கள் வீட்டிலிருந்து மூன்று மணி நேரம், கட்டணம் 150 டாலர். மொத்தம் முப்பத்திரண்டு பிள்ளைகள். தலைமைக் கோச் தானே மட்டையை எடுத்து நாற்பது நிமிடம் இவளுக்கும் இன்னும் ஐந்து பேருக்கும் பந்து அடித்தார். ஒரு பந்தைத் தவறவிட்டபோது இவள் எப்படி அடுத்த பந்துக்குத் தயாரானாள் என்பதைக்கூட அவர் கவனித்திருக்கிறார், பிறகு சொன்னார். நான்கு ஷோகேஸில் கிடைக்காதது அந்த நாற்பது நிமிடத்தில் கிடைத்தது. இப்போது அவள் படிப்பது அங்கேதான்.

டிவிஷன் 3இல் விளையாட்டுக்கென்று உதவித்தொகை கிடையாது. படிப்புக்குத்தான் கொடுப்பார்கள். இவளுடைய மதிப்பெண்ணுக்குக் கிடைத்த தொகை, தோழி ஒருத்திக்கு டிவிஷன் 2இல் சாஃப்ட்பாலுக்காகக் கிடைத்ததை விட அதிகம். டிவிஷன் 2இல் ஓர் அணிக்கே 7.2 முழு உதவித்தொகை அளவுதான், அதை இருபது பேருக்குப் பிரித்துக் கொடுக்கிறார்கள். இது தெரியாமல் எத்தனை குடும்பங்கள் செலவழித்த பணம் உதவித்தொகையாகத் திரும்பி வரும் என்று காத்திருக்கின்றன என்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

உங்கள் மகள் 9ஆம் வகுப்பு என்றீர்கள். டிவிஷன் 1 கோச் அவளைப் பார்க்கலாம், பேசக்கூடாது. 11ஆம் வகுப்பு தொடங்கும் செப்டம்பர் 1 வரை மின்னஞ்சலுக்குப் பதில்கூடப் போட முடியாது, கேம்ப் அறிவிப்பு, பொதுவான படிவம் மாதிரி சிலது மட்டும் அனுப்பலாம். ஆகவே பதில் இல்லை என்று மனம் உடைய வேண்டாம். டிவிஷன் 3க்கு அந்தத் தேதிக் கட்டுப்பாடு இல்லை, அவர்கள் முன்பே எழுதுவார்கள்.

அம்மாவைப் போய்ப் பாருங்கள் தம்பி.


கலிபோர்னியா, ஃப்ரீமான்ட்டிலிருந்து ஓர் அப்பா:

நான் பிட்சரின் அப்பா. பதினோரு வயதிலிருந்து அவள் வீச, நான் பக்கெட் மேல் உட்கார்ந்து பிடித்திருக்கிறேன். இப்போது 43 அடி தூரம், அதே தூரம்தான் கல்லூரியிலும். அவள் பந்து என் கட்டைவிரலை இரண்டு முறை முறித்திருக்கிறது.

பயணம் பற்றிப் பேசும்போது எல்லோரும் பணத்தைப் பற்றிப் பேசுகிறோம். நான் உடம்பைப் பற்றிச் சொல்கிறேன்.

தோளுக்குக் கீழிருந்து சுழற்றி வீசுவதால் கைக்கு ஒன்றும் ஆகாது, எத்தனை ஆட்டம் வேண்டுமானாலும் வீசலாம் என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். பேஸ்பாலில் உயர்நிலைப் பள்ளிப் பிட்சருக்கு ஒரு நாளைக்கு இத்தனை பந்து என்று எல்லை உண்டு. நாங்கள் ஆடிய சாஃப்ட்பால் போட்டி எதிலும் அப்படி ஒன்று இருந்ததில்லை. சனிக்கிழமை குழு ஆட்டம், ஞாயிறு நாக் அவுட். ஜெயித்துக்கொண்டே போனால் ஞாயிறு ஒரே நாளில் நான்கு ஆட்டம்கூட வரும்.

ஹன்டிங்டன் பீச்சில் கோடைக் கடைசியில் பிரீமியர் கேர்ள்ஸ் ஃபாஸ்ட்பிட்ச் நடத்தும் தேசியப் போட்டி. எங்கள் வீட்டிலிருந்து காரில் ஆறு மணி நேரத்துக்கு மேல். அந்தக் கோடையில் அது எங்களுக்கு ஆறாவது போட்டி. அவளுக்கு 16 வயது. வியாழக்கிழமை ஏழு இன்னிங்ஸ், வெள்ளி காலை ஐந்து, மாலை மறுபடியும். மாலை ஆட்டத்துக்கு ஒரு டிவிஷன் 1 கோச் ரேடார் கன்னோடு வந்தார். பத்து மாதமாக நாங்கள் எழுதிக்கொண்டிருந்த கல்லூரி. அவர் அவளைப் பார்க்க மட்டுமே வந்திருந்தார்.

முதல் இன்னிங்ஸில் மணிக்கு 61 மைல் வேகம் காட்டியது. மூன்றாவதில் 58. ஐந்தாவதில் 55. அவள் என்னைப் பார்த்தாள். கை வலிக்கிறது என்று அவள் சொல்லவில்லை, ஆனால் பந்தை விட்டதும் இடது கையால் வலது மேற்கையைப் பிடித்தாள். நான் எழுந்து போய் அவளை வெளியே எடுக்கச் சொல்லியிருக்க வேண்டும். கோச் பார்க்கிறாரே என்று உட்கார்ந்திருந்தேன். அதை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை.

பைசெப்ஸ் தசைநார் வீக்கம். நான்கு மாதம் பந்தைத் தொடக்கூடாது. டாக்டர் கேட்ட முதல் கேள்வி, கடைசியாக எப்போது முழுதாக ஒரு மாதம் விளையாடாமல் இருந்தாள் என்பது. என் மனைவியும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மூன்று வருடம் பின்னால் போக வேண்டியிருந்தது. அமெரிக்கக் குழந்தைகள் நல மருத்துவர்கள் சங்கம் வாரத்தில் ஒரு நாளாவது ஓய்வு, வருடத்தில் இரண்டு மூன்று மாதம் அந்த விளையாட்டிலிருந்து விலகியிருக்க வேண்டும் என்று சொல்கிறது என்பதை அவர்தான் எடுத்துக் காட்டினார்.

அந்த நான்கு மாதத்தில் அந்தக் கோச்சுக்கு மகள் நடந்ததை அப்படியே எழுதினாள். அவர் வேறு பிட்சரைப் பார்த்துக்கொண்டார். ஆனால் நன்றாகப் பதில் எழுதினார், குணமாகி வா என்றார். பிறகு வந்தது ஒரு டிவிஷன் 2 கல்லூரி. அந்தக் கோச் எங்களைச் சந்தித்ததும் கேட்டது வேகத்தைப் பற்றி இல்லை. இந்த வார இறுதியில் இதுவரை எத்தனை இன்னிங்ஸ் வீசியிருக்கிறாய் என்று கேட்டார். இரண்டு என்றாள். நல்லது என்றார். அந்த ஒரு வார்த்தையில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இப்போது எங்கள் வீட்டு வழக்கம்: நவம்பர், டிசம்பர் பந்து கிடையாது. ஒரு மாதத்தில் இரண்டு வார இறுதிக்கு மேல் போட்டி கிடையாது. அணிக் கோச்சிடம் ஆகஸ்டில் சேரும்போதே இதைச் சொல்லிவிட்டோம். முகம் சுளித்தார், ஆனால் ஒப்புக்கொண்டார். கேட்சரும் இதே கதைதான் சகோ. முழங்காலைக் கவனியுங்கள்.


நியூ ஜெர்சியிலிருந்து ஓர் அம்மா:

சுருக்கமாக எழுதுகிறேன். எங்களுக்கு இரண்டு பிள்ளைகள். பெரியவள் சாஃப்ட்பால், சின்னவனுக்கு ஒன்பது வயது. அவனுடைய பள்ளியில் குடும்பத்தைப் படம் வரையச் சொன்னார்கள் என்று ஒரு திங்கள்கிழமை கொண்டுவந்து காட்டினான். நாங்கள் மூன்று பேரும் மைதானத்தில், அவன் காருக்குள்.

அதன் பிறகு பெற்றோரில் ஒருவர் மட்டும்தான் போட்டிக்குப் போகிறோம். மற்றவர் அவனோடு. போகாதவருக்கு ஆட்டத்தைப் பார்க்க நேரலை இருக்கிறது, இல்லையென்றால் மகள் வந்து சொல்கிறாள். அறை ஒன்றை இன்னொரு குடும்பத்தோடு பகிர்ந்துகொள்கிறோம். சில போட்டிகளில் அவர்கள் சொல்லும் ஹோட்டலில்தான் தங்க வேண்டும் என்று விதி இருக்கிறது, வெளியே பாதி விலைக்குக் கிடைத்தாலும் முடியாது. அணியில் சேரும் முன்பே எந்தெந்தப் போட்டிக்கு அந்த விதி என்று கேட்டுவிடுங்கள். எங்களுக்கு அது தெரிந்தபோது பணம் கட்டி முடித்திருந்தோம்.


டொரொன்டோ, ஸ்காபரோவிலிருந்து ஓர் அம்மா:

எங்கட நிலை கொஞ்சம் வேறு, ஆனாலும் எழுதுகிறேன். இங்கே ஒன்ராறியோவில் வெளியில் ஆடக் கிடைப்பது மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை. மிச்சக் காலம் கூடாரத்துக்குள், செயற்கைப் புல்லில். அமெரிக்கக் கல்லூரி வேண்டுமென்றால் எல்லையைக் கடந்து மிச்சிகன், ஒஹையோ என்று போக வேண்டும், கனேடிய டொலரை மாற்றும்போதே கால் பங்குக்கு மேல் போய்விடும். எனக்கும் கணவருக்கும் இரண்டு பேருக்கும் வேலை, இரண்டும் மணித்தியாலக் கூலி. ஒரு வெள்ளி லீவு எடுத்தால் அந்த நாள் காசு இல்லை.

பிள்ளைக்குப் 16 வயதில் ஒரே ஒரு தூரப் பயணம் என்று முடிவெடுத்தோம். பிரிட்டிஷ் கொலம்பியாவில் சர்ரேயில் ஜூலையில் நடக்கும் கனடா கப். அமெரிக்காவிலிருந்து கல்லூரிக் கோச்மார் அங்கே வருவார்கள், பெரிய பெண்களின் சர்வதேச ஆட்டங்களும் அதே இடத்தில் நடக்கும். பிள்ளை அவுட்ஃபீல்ட், இடது கையால் அடித்துக்கொண்டே ஓடுகிறவள். அந்த வருடம் அம்மம்மாவின் ஆண்டுத் திவசம் அதே கிழமை வந்தது. நான் நிற்க, கணவர் கூட்டிக்கொண்டு போனார். திவசத்தன்று மத்தியானம் போனில் அவள் அழுதுகொண்டு எடுத்தாள், மூன்று முறையும் ஸ்ட்ரைக் அவுட் என்று. அம்மம்மாவின் படத்துக்கு முன்னால் இருந்துதான் அவளோடு கதைத்தேன்.

அங்கே ஒருவரும் அவளை எடுக்கவில்லை. ஆனால் அவளுக்கு இடம் கிடைத்த விதம் வேறு. கூடாரத்துக்குள் எடுத்த வீடியோவை அவள் இருபத்தாறு இடத்துக்கு அனுப்பினாள், அதில் ஒன்பது இரண்டு வருடக் கல்லூரிகள். எங்கள் ஆட்களுக்கு அந்தப் பெயரைக் கேட்டாலே பிடிக்காது, நான்கு வருடக் கல்லூரி இல்லையா என்பார்கள். ஒரு கோச் வீடியோவில் அவளுடைய ஓட்டத்தை நேரம் பிடித்துப் பார்த்திருக்கிறார், ஹோமிலிருந்து முதலாம் பேஸுக்கு மூன்று நொடிக்குள். அடுத்த நாள் வீடியோ அழைப்பில் வந்தார். பிள்ளை ஆடுவதை நேரில் ஒருதரமும் பார்க்காமலே படிப்பும் தங்குமிடமும் முழுதாகத் தந்தார். இரண்டு வருடக் கல்லூரிகளிலும் டிவிஷன் உண்டு, முதல் டிவிஷனில் முழு உதவித்தொகை கொடுக்கலாம் என்பது எங்களுக்கு அப்போதுதான் தெரியும்.

இரண்டு வருடம் ஒவ்வொரு ஆட்டமும் ஆடினாள். பெரிய இடத்துக்குப் போய் வாங்கில் குந்தியிருந்திருந்தால் அது கிடைத்திராது. இப்போது மூன்றாம் வருடத்துக்கு வேறு கல்லூரிக்கு மாறியிருக்கிறாள். நாங்கள் அந்தச் சர்ரே பயணத்துக்குச் செலவழித்த காசை நினைத்து நான் கவலைப்படவில்லை, அவள் உலகத்தின் நல்ல ஆட்டக்காரிகளைக் கிட்ட நின்று பார்த்தாள். ஆனால் கல்லூரி வந்தது எங்கள் வீட்டு மேசையிலிருந்து அனுப்பிய மின்னஞ்சலில்.


ஜார்ஜியாவிலிருந்து ஓர் அம்மா, மகள் சொன்னதைச் சேர்த்து எழுதுகிறேன்:

இது புதிதாக வந்திருக்கும் ஒரு சிக்கல், 10, 11ஆம் வகுப்புப் பிள்ளை வைத்திருப்பவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்.

2024 செப்டம்பர் 1 காலை ஏழு மணிக்கே மகளுக்கு ஒரு டிவிஷன் 1 கோச்சிடமிருந்து செய்தி வந்தது. நாங்கள் கோவிலுக்குப் போய்வந்தோம். அக்டோபரில் வளாகத்துக்கு அழைத்தார்கள், லாக்கர் அறை வரை காட்டினார்கள், கோச் இடம் உண்டு என்று வாயால் சொன்னார். மகளும் சரி என்றாள். இன்ஸ்டாகிராமில் படம் போட்டாள், பள்ளியில் கேக் வெட்டினார்கள். அதற்குப் பிறகு நாங்கள் ஷோகேஸ் எல்லாவற்றையும் நிறுத்தலாம் என்றோம். மகள் மட்டும், அப்படிச் சும்மா நிறுத்திவிட வேண்டாம், நான் பேசிக்கொண்டிருந்த மற்ற ஐந்து கோச்சுகளுக்கும் நன்றி சொல்லி எழுதுகிறேன் என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதினாள்.

2025 வசந்தத்தில் கோச் அழைத்தார். கல்லூரி ஆட்டக்காரர்களுக்குப் பணம் கொடுப்பது பற்றிய வழக்கில் சமரசம் ஆகப்போகிறது, அதில் சேரும் கல்லூரிகளின் சாஃப்ட்பால் அணியில் 25 பேருக்கு மேல் வைக்க முடியாது, ஏற்கெனவே இருக்கும் பிள்ளைகளும் வேறு கல்லூரியிலிருந்து மாறி வரும் மூத்த பிள்ளைகளும் சேர்ந்தாலே எண்ணிக்கை நிறைந்துவிடும் என்றார். ஜூன் மாதம் நீதிமன்றம் அந்தச் சமரசத்தை ஏற்றுக்கொண்டது. எங்கள் கையில் காகிதம் எதுவும் இல்லை. வாய்ச்சொல் இரண்டு பக்கத்தையும் கட்டுப்படுத்தாது என்பது எங்களுக்குத் தெரியும், ஆனால் தெரிவது வேறு, நடக்கும்போது வேறு. மகள் மூன்று நாள் அறையைவிட்டு வெளியே வரவில்லை.

நான்காவது நாள் அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அம்மா, அந்த அஞ்சு பேருக்கும் நான் மரியாதையா எழுதினேன். இப்ப திரும்ப எழுத எனக்கு வெட்கம் இல்லை." எழுதினாள். இரண்டு பேர் பதில் போட்டார்கள். ஒருவர், எங்கள் வீட்டிலிருந்து நான்கு மணி நேரத்தில் இருக்கும் சின்னக் கல்லூரியின் கோச், ஜூனில் அவளைப் பார்க்கவே உள்ளூர்ப் போட்டிக்கு வந்தார். விமானம் ஏறிப் போன போட்டி இல்லை, எங்கள் வீட்டிலிருந்து நாற்பது நிமிடம். டக்அவுட்டில் அவள் தண்ணீர் பாட்டிலைத் தோழிகளுக்கு எடுத்துக் கொடுத்ததைப் பார்த்தேன் என்று பிறகு சொன்னார். நவம்பரில் எழுத்தில் கையெழுத்தானது.

ஆட்டத்தில் அவுட்டானபின் ஹெல்மெட்டை எப்படி வைக்கிறாள், அம்மாவிடம் எப்படிப் பேசுகிறாள் என்பதையெல்லாம் அவர்கள் பார்க்கிறார்கள். வேலியோரம் நின்று கத்தும் பெற்றோரையும் பார்க்கிறார்கள். எங்கள் அணியிலேயே ஒரு பெண்ணை ஒரு கோச் பட்டியலிலிருந்து எடுத்ததற்கு அவள் அப்பா நடுவரிடம் போட்ட சண்டைதான் காரணம் என்று அந்தக் கோச்சே எங்கள் அணிக் கோச்சிடம் சொன்னாராம்.


டல்லாஸ் அப்பா, மறுபடியும்:

எல்லோருக்கும் நன்றி. ஒவ்வொன்றையும் மனைவியும் நானும் இரண்டு முறை படித்தோம், மகளுக்கும் வாசித்துக் காட்டினேன். ஃப்ரீமான்ட் சகோ எழுதியதை வாசிக்கும்போது அவள் தன் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். வலிக்கிறதா என்றேன். குந்தி எழும்போது கொஞ்சம், மார்ச்சிலிருந்து என்றாள். அடுத்த வாரம் டாக்டரைப் பார்க்கிறோம். இதை அவள் எங்களிடம் சொல்ல இத்தனை மாதம் ஆகியிருக்கிறது.

அணிக் கோச்சிடம் போய்ப் பேசினேன். அரிசோனாவும் ஃபுளோரிடாவும் இந்த வருடம் இல்லை, கொலராடோவுக்கு நானும் அவளும் மட்டும் வருகிறோம், கலிபோர்னியா அடுத்த வருடம் என்றேன். எனக்குப் பயமாகத்தான் இருந்தது. மற்றக் கேட்சருக்கு அதிக ஆட்டம் போகும், அது சரிதானா என்று கேட்டார். சரி என்றேன். அவ்வளவுதான். டிசம்பரில் மூன்று வாரம் மதுரை, டிக்கெட் போட்டாயிற்று. அம்மாவிடம் சொன்னபோது, பேத்தி அந்த மட்டையைக் கொண்டுவருவாளா என்று கேட்டார்.

கேரி அக்கா சொன்னபடி பட்டியல் போட உட்கார்ந்தோம். மகளுக்கு விலங்கு மருத்துவம் பிடிக்கும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் அதற்காக எந்தக் கல்லூரி என்று அவளே எழுதி வைத்திருக்கிறாள் என்பது தெரியாது. பதினான்கு பெயர், அதில் ஒன்பது காரில் போகும் தூரம். மூன்று கல்லூரிக்கு அணிப் பட்டியல் பார்த்தோம். இவள் சேரும் வருடத்தில் இரண்டு இடத்தில் கேட்சர் கிளம்புகிறார்.

அதில் ஒரு கல்லூரியில் போன சனிக்கிழமை கேம்ப். இரண்டரை மணி நேரம் ஓட்டினோம், விடியற்காலை ஐந்துக்குக் கிளம்பினோம், இட்லிப் பொடி தடவிய இட்லி காரிலேயே. கேரி அக்கா சொன்ன விதிப்படி, கோச்சுக்கு இவளை அணியில் எடுப்பது பற்றி எதுவும் பேச அனுமதி இல்லை, பேசவும் இல்லை. எறிவதற்கு முன்னால் இடது காலை அரை அடி திறந்து வை என்று காட்டிக்கொடுத்தார். இரண்டாவது பேஸுக்கு இவள் எறியும் நேரம் 2.15 நொடியிலிருந்து 2.05க்கு வந்தது. ஒரே காலையில். கேம்ப் முடிந்து எல்லோருக்கும் சொன்ன மாதிரியே இவளுக்கும் நன்றி சொன்னார், ஆனால் பெயர் சொல்லி, சரியான உச்சரிப்போடு சொன்னார். காரில் ஏறியதும் அதைத்தான் முதலில் சொன்னாள்.

முதல் மின்னஞ்சல் வரைவு மேசை மேல் இருக்கிறது. காலைத் திறந்து வைத்து எறியும் புது வீடியோ எடுக்காமல் அனுப்ப மாட்டேன் என்கிறாள். ஆனால் டாக்டர் முழங்காலைப் பார்க்கும் வரை குந்த வேண்டாம் என்று நான் சொல்லியிருக்கிறேன். அதனால் இப்போதைக்கு மட்டை வீடியோ மட்டும், இன்று ஆறரை மணிக்கு, வெயில் தணிந்ததும்.